ஏறுகிறவருக்கு இறங்கும் தேதியைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். 2007 முதல் 2018 வரை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றின் மேலே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு கீழே ஒரு தாலுகா மருத்துவமனை. அங்கிருந்து 2023இல் ஓய்வு. இந்தக் கடிதத்தைப் பணியில் இருந்தபோதே எழுத நினைத்ததுண்டு. எழுதியிருந்தால் பதிலும் உடனே வந்திருக்கும், 17(பி) ஒழுங்கு நடவடிக்கை என்று தலைப்புப் போட்டு. இப்போது ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்று அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் விளக்கம் கேட்பார்கள். பெயர் அவசியமும் இல்லை. கொல்லிமலை, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, பச்சைமலை, பர்கூர் என்று எந்த மலைக்கு நீங்கள் ஏறினாலும் நான் சொல்வதில் பாதியாவது அங்கே இருக்கும்.

மலைக்கு டாக்டர் வருவதில்லை, நர்ஸ் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. ஆய்வுக் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உடனே யாராவது ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேவை மனப்பான்மை எங்கே இருக்கிறது?" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். டீ வரும். பதினொரு ஆண்டில் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீசியன் என்று ஒரு முப்பது பேராவது அந்தப் படியேறி வந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மலை பிடிக்காமல், குளிர் ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லலாம். மற்றவர்களை விரட்டியது வேறொன்று. எங்கள் பேச்சு வழக்கில் அதற்கு ஒரே ஒரு சொல்தான்: "மாட்டிக்குவோம்." மேலே போனால் மாட்டிக்கொள்வோம், இறங்க முடியாது. இந்தப் பயம்தான் வருகிறவரை வரவிடாமல் தடுக்கிறது. வந்தவரை முதல் மாதத்திலேயே சிபாரிசுக்கு ஆள் தேட வைக்கிறது.

ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். 2012இல் வந்தார், முதல் போஸ்டிங். தெற்கே கடலோர ஊர்க்காரர். மலை என்றால் என்னவென்றே தெரியாது. வந்த முதல் வாரம் கம்பளிக்குள்ளேயே ஓ.பி. பார்த்தார். ஆனால் குவார்ட்டர்ஸில் தங்கினார். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். ஜனங்கள் "சின்ன டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மலையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்றால், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு வைக்கவே நாலு வருடம் ஆனது. இரண்டரை வருடம் கழித்து அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டார். கேட்டதும் கிடைத்தது. ஆணையின் கடைசி வரியில் மட்டும் வழக்கமான வாசகம்: மாற்று மருத்துவர் பணியேற்ற பின்னரே விடுவிக்கப்பட வேண்டும்.

மாற்று மருத்துவர் யாரும் வரவில்லை. எப்படி வருவார்? காலியிடம் என்று பட்டியலில் காட்டினால்தானே கலந்தாய்வில் யாராவது எடுப்பார்கள்! இவர் இன்னும் இருக்கிறார் என்பதால் அது காலியிடம் இல்லை. இவர் போகாததால் காலியில்லை, காலியில்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் இவர் போக முடியவில்லை. ஒன்பது மாதம் இந்தச் செக்கு சுற்றியது. பையில் ஆணையை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் ஓ.பி. பார்த்தார். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு நல்ல டாக்டர் கடுகடுப்பான டாக்டராக மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார், சீட்டை மட்டும் பார்த்தார். கடைசியில் மருத்துவ விடுப்பில் போனார், திரும்பவில்லை, ராஜினாமா. இன்று ஊரில் தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். அரசுக்கு ஒரு டாக்டர் நஷ்டம் என்று கணக்கெழுதலாம். கணக்கு அதோடு முடியவில்லை. அவருடன் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது. அடுத்த கலந்தாய்வில் எங்கள் நிலையத்தின் பெயர் திரையில் கடைசி வரை அப்படியே கிடந்ததாம்.

நல்லவரைப் பிடித்து வைத்ததால் மலைக்கு ஒன்பது மாதம் லாபம் கிடைத்தது. அதற்கு விலையாக எத்தனை ஆண்டு ஆளில்லாமல் போனது என்று நீங்களே பாருங்கள்.

என் விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் இருந்தாய், தியாகம் என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முதல் நான்கு வருடம் நான் இருந்தது விடுவிக்காததால்தான். அதற்குள் என் பையன் என் அம்மா வீட்டில் வளர்ந்து, என்னை லீவுக்கு வரும் சித்தி மாதிரிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்ற வீம்பில் அடுத்த சில வருடம். மலை எனக்குப் பிடித்துப்போனது அதற்கப்புறம்தான். பிடித்து நின்றதற்கும் மாட்டி நின்றதற்கும் வித்தியாசம் வேலையில் தெரியும். 2007இல் நானாக இருந்த அந்த நர்ஸிடம் நான் பிரசவம் பார்த்துக்கொள்ள மாட்டேன்.

தனியாக நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பில் இது வராது.

2011, ஐப்பசி மழை. இரண்டு நர்ஸ் பணியிடம் நிரம்பி, ஒன்று காலி. இன்னொரு நர்ஸ் ஓய்வு நாளில் கீழே. டாக்டர் ஆய்வுக் கூட்டத்துக்குப் போனவர், மழையால் கீழேயே தங்கிவிட்டார். நானும், ஆயா வேலை பார்க்கும் அக்காவும், வாட்ச்மேனும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள், மூன்றாவது பிரசவம். எட்டரைக்குக் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. கை கழுவத் திரும்பினேன். அக்கா கூப்பிட்டாள், "நர்ஸம்மா, இங்க பாருங்க." கர்ப்பப்பை இறுகவில்லை. கட்டிலின் ஓரத்தில் வழிந்து தரையில் சொட்டியது. மின்சாரம் மதியமே போய்விட்டது. ஃபிரிட்ஜுக்குள் ஐஸ் உருகி, கர்ப்பப்பையை இறுக வைக்கும், குளிரிலேயே இருக்க வேண்டிய ஆக்ஸிடோசின் ஆம்பியூல் என் கைச்சூட்டிலேயே இருந்தது. அது வேலை செய்யுமா செய்யாதா என்று யோசிக்க நேரம் இல்லை. ஊசி போட்டேன், டிரிப் ஓடவிட்டேன், வயிற்றின்மேல் கை வைத்துப் பிசைய ஆரம்பித்தேன். அக்கா ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் டிரிப் பாட்டிலும். வாட்ச்மேன் சிக்னல் பாறைக்கு ஓடினார். எங்கள் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் மேட்டில் ஒரு பாறை உண்டு. அதன் தலையில் ஏறி நின்றால்தான் போன் பேசும். டாக்டர் அங்கே சொல்வதை இவர் மனப்பாடம் செய்துகொண்டு இறங்கி ஓடிவந்து என்னிடம் சொல்வார். நான் பதில் சொல்வேன், மறுபடி ஏறுவார். அந்த ராத்திரி நாலு தடவை ஏறினார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.

108 வண்டி புறப்பட்டது. பாதி மலையில், வளைவில் மரம் விழுந்து கிடக்க, அங்கேயே நின்றது. பத்தரை மணிக்கு ரத்தப்போக்கு கொஞ்சம் மட்டுப்பட்டது. நாடி ஓடியது ஓடியபடி. ஊர் ஆட்கள் எட்டுப் பேர் கம்பில் துப்பட்டியைத் தூளியாகக் கட்டி அவளைத் தூக்கினார்கள். நான் டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கம் தூளி, அந்தப் பக்கம் 108. கிளைகளுக்கு நடுவே அவளைக் கைமாற்றினோம். பிழைத்துக்கொண்டாள்.

நான் திரும்பி வந்து பார்த்தபோது மணி மூன்று. தரையை அக்கா கழுவி முடித்திருந்தாள். என் கை முழங்கை வரை மரத்துப்போய் அடுத்த நாள் பேனா பிடிக்க வரவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்று, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவம் மருத்துவ நிலையங்களில் நடப்பதாகச் சொல்கிறது. பெருமைதான். அந்தப் பெருமையின் ஏதோ ஒரு புள்ளிக்குப் பின்னால் இப்படி ஒரு ராத்திரி இருக்கிறது. அந்த ராத்திரி அவள் பிழைக்காமல் போயிருந்தால் தாய் இறப்புத் தணிக்கையில் முதல் கேள்வி என்னிடம்தான்: ஏன் சீக்கிரம் அனுப்பவில்லை? காலிப் பணியிடத்தை யாரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள். இருபத்து மூன்று வயதில் வரும் ஒரு பெண்ணுக்கு மலையில் பயமாக இருப்பது இருட்டோ கரடியோ இல்லை, இந்தக் கேள்விதான்.

மக்கள்தொகையைக் கணக்கில் வைத்து, சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்று விதி. நல்ல எண்ணத்தில்தான் குறைத்திருக்கிறார்கள். ஆனால் மலையில் எண்ண வேண்டியது தலையை இல்லை, வளைவை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஓ.பி.யில் கூட்டம் குறைவு, ஆகவே ஆள் குறைத்தால் போதும் என்று ஒரு கோப்பு சொல்லும். கூட்டம் குறைவாக இருக்கிற இடத்தில்தான் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிட வழியில்லை.

இனி, நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தண்டிக்க இப்போது முடியாது.

24 மணி நேர நிலையத்துக்கு மூன்று நர்ஸ். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட். காகிதத்தில் அழகாக இருக்கும். மலைக்கு பஸ் வந்தது அப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை. கடைசி பஸ் நாலரைக்கு. மதிய ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிந்தால் அவள் எதில் இறங்குவாள்? ஆகவே நாங்களே பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருத்தி இரண்டு நாள் இரவும் பகலும் தொடர்ந்து. மற்ற இருவரும் வீட்டில். ஒரு இடம் காலியானால் மூன்று நாள் தொடர்ச்சி, மூன்று நாள் வீடு. வருகைப் பதிவேட்டில் தினமும் எல்லாக் கையெழுத்தும் இருக்கும். மலையில் மட்டுமில்லை, பஸ் குறைவான பல ஊர்களில் இதுதான் நடப்பு. மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். திடீர் ஆய்வில் மாட்டினால் மெமோ, மாட்டாவிட்டால் "நல்லா ஓடுது" என்று சான்று.

என்னைக் கேட்டால் இந்தத் தப்புக்குள்தான் மருந்தும் இருக்கிறது. குடும்பத்தோடு மலையில் வந்து குடியேறு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது நடக்காத காரியம். அவள் கணவனுக்குக் கீழே வேலை, பிள்ளைக்குக் கீழே பள்ளி, மாமியாருக்குக் கீழே சர்க்கரை மாத்திரை. ஏழு நாள் மேலே இரு, ஏழு நாள் கீழே வீட்டில் இரு என்று சொன்னால் வருவாள். மூன்றுக்குப் பதில் நான்கு நர்ஸ் கொடுங்கள். இரண்டிரண்டு பேராக ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. எந்த ராத்திரியும் ஒருத்தி தனியாக இருக்க மாட்டாள். ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி விழித்திருப்பாள். கையெழுத்தும் உண்மையாக இருக்கும். ஒரு பணியிடம் கூடுதல் என்று நிதித் துறை முகம் சுளிக்கலாம். இன்றைக்கும் நான்கு பேர் சம்பளம் போகிறதே, அதை என்ன சொல்வது? பணியிடம் மலையில், ஆள் மாற்றுப்பணியில் மாவட்டத் தலைநகரில்! எங்கள் லேப் டெக்னீசியன் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் மூன்று வருடம் அவர் பெயரைப் பார்த்திருக்கிறேன், ஆளை ஒரு முறை, சர்வீஸ் புத்தகத்தில் ஏதோ பதிவு செய்ய வந்தபோது. மலையிலிருந்து கீழே மாற்றுப்பணி போடுவதை மட்டும் நிறுத்தினாலே கால்வாசி காலியிடம் நிரம்பிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குவார்ட்டர்ஸ் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். மேலே தொட்டி இருந்தது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. கக்கூஸ் கதவு மழையில் உப்பி, சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. ஆகவே எப்போதும் பாதி. கூரை மட்டமாகப் போட்ட காங்கிரீட்; அந்த மழைக்கு மலைக்காரர்கள் ஒருவர்கூட மட்டக் கூரை போட மாட்டார்கள். இதில் தங்கினால் வீட்டு வாடகைப் படி கிடையாது. தங்காமல் வெளியே வாடகைக்கு இருந்தால், குவார்ட்டர்ஸ் வசிக்கத் தகுதியில்லை என்று பொதுப்பணித் துறையிடம் சான்று வாங்கி வந்தால்தான் படி. சான்று கொடுத்தால் பழுது பார்க்க வேண்டும் என்பதால் அவர்கள் கொடுக்க மாட்டார்கள். நல்ல மலைப்படி கொடுக்கிறோம் என்கிறீர்கள். அந்தப் படியை வைத்து நான் முதலில் வாங்கியது இரண்டு பிளாஸ்டிக் குடமும் ஒரு தார்ப்பாயும்.

டாக்டர்களுக்கு ஊக்கம் கொடுக்கும் ஏற்பாட்டில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களுக்கு முன்னோடி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் என்பது சும்மா வந்ததில்லை. 2017இல் அது கையை விட்டுப் போனது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசியல் சாசன அமர்வு, பணியிலிருப்போருக்குத் தனி ஒதுக்கீடு வைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மீண்டது. அதோடு, எட்டாத, கடினமான இடங்களில் வேலை பார்த்தால் நீட் மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம், உச்சமாக 30 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். இதனால் மலைக்கு டாக்டர் வருகிறார்கள், சந்தேகமே இல்லை. மூன்று வருடத்தில் 30 வந்துவிடும், நான்காவது வருடத்துக்கு ஒன்றுமில்லை, கிளம்பிவிடுவார்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள், மார்க்குக்காக வருகிறார்கள் என்று. எனக்கு அதில் குறையே தெரியவில்லை. மூன்று வருடம் முழு மனதோடு ஒரு டாக்டர் இருந்தால் அது மலைக்குப் பெரிய கொடுப்பினை. கவனியுங்கள், அவர் முழு மனதோடு இருப்பதற்குக் காரணமே போகும் நாள் அவருக்குத் தெரியும் என்பதுதான்.

நர்ஸுக்கு அப்படி என்ன இருக்கிறது? பதினொரு வருட மலைச் சேவைக்கு எனக்கு ஒரு மதிப்பெண்ணும் சேரவில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த பெண்களின் கதை இன்னும் மோசம். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடம் கழித்து நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள். எங்கள் நிலையத்துக்கு ஒருத்தி வந்தாள். தேர்வில் நல்ல ரேங்க். பஸ், சாப்பாடு, ஊருக்கு அனுப்பியது போக அவள் கையில் என்ன மிஞ்சும் என்று நான் கேட்டதே இல்லை, கேட்கக் கூச்சம். சொன்னபடி இரண்டு வருடம் ஆனது, ஆணை வரவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் உட்கார்ந்து போராடியபோது இவளும் போனாள். பிறகு ஊதியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிரந்தரம் என்பது காலியிடம் வரும்போது, சீனியாரிட்டிப்படி. அவளிடமும் தேதி இல்லை. என்னிடம் பயிற்சி எடுத்தவர்களில், நம்பிப் பிரசவ அறையை நான் விட்டுவிட்டுப் போன ஒரே ஜூனியர் அவள். வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தாள்: "அக்கா, இங்க காண்ட்ராக்ட்ல முடியற தேதி போட்டிருக்கு." சம்பளத்தைப் பற்றி அப்புறம்தான் சொன்னாள்.

ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்று 1972இல் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். படிப்புச் செலவைக் கடனாகக் கொடுப்பார்கள். படித்து முடித்து, சொந்த மாகாணத்தில், அதில் ஒரு பகுதியைத் தீவு, மலை, குக்கிராமம் என்று அனுப்பும் இடத்தில், ஆக ஒன்பது ஆண்டு வேலை பார்த்தால் கடன் தள்ளுபடி. ஒன்பது ஆண்டு! நம்மூரில் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே பெரும்பாலோர் முழுக்க முடிக்கிறார்கள், முடித்த பிறகும் பலர் அதே மாகாணத்தில் இருக்கிறார்கள். சேரும் நாளிலேயே கடைசி நாள் தெரியும், நடுவில் ஏமாற்றுவதில்லை. இன்னொரு காரணம், அவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனமும் 2010இல் இதைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, கிராமத்தில் பிறந்து வளர்ந்த மாணவர்களைத் தேடிச் சேர்த்துப் படிக்க வையுங்கள் என்பதைத்தான் முக்கியமாகச் சொன்னது.

அதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. 1993இல் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிக்கு வந்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் ஆரம்பித்து, அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே பழக்கிச் சுகாதாரப் பணியாளர்களாக, நர்ஸ்களாக ஆக்கினார்கள். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990லிருந்து இயங்குகிறது; அங்கே பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள் நர்ஸ் உடையில் வார்டில் நடக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு மாறுதல் கேட்டு எங்கே போக வேண்டும்? அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஆயா அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மலைக்காரி. நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறாள், நான் இறங்கி வந்த பிறகும் இருக்கிறாள். எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம் ஆபரேஷன், யாருக்கு எத்தனையாவது மாதம், யார் ஊசிக்குப் பயந்து தேன் எடுக்கப் போவதாகச் சொல்லி ஒளிந்துகொள்வாள் என்பதெல்லாம் அவள் தலைக்குள். கர்ப்பிணிகளைப் பதிகிற பிக்மி கணினியில் ஏற்றாததும் அதில் உண்டு. பிரசவக் காத்திருப்பு அறைக்கு முன்கூட்டியே வந்து தங்கச் சொல்லி நான் சொன்னால் வராத பெண்கள், அவள் ஒரு அதட்டல் போட்டால் மூட்டையோடு வருவார்கள். டாக்டர்கள் மாறினார்கள், நர்ஸ்கள் மாறினார்கள், நிலையம் நடந்தது அவளால்தான். அவள் எட்டாம் வகுப்பு. அவளுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தோம் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுடைய மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தாள், அறிவியல் பிரிவு கிடையாது, வரலாறு எடுத்தாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நல்ல காரியம். மலைப் பள்ளியில் உயிரியல் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாவிட்டால் அந்த 7.5 மலைக்கு எப்படி ஏறும்? டாக்டர் ஆவது தூரம் என்றால் நர்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மலையிலிருந்தும் ஆண்டுக்கு நாலைந்து பெண்கள், பத்தாம் வகுப்பிலிருந்தே அடையாளம் கண்டு, கீழே நல்ல பள்ளியில் விடுதியோடு அறிவியல் படிக்க வைத்து, அரசு செவிலியர் பள்ளியில் இடம் கொடுத்து, சொந்த மலையில் நிரந்தர வேலை. ஆனால் ஒன்று. உள்ளூர்ப் பெண்தானே, எங்கே போய்விடுவாள் என்று அவளைக் குறைந்த சம்பளத்தில் ஆயுளுக்கும் கட்டிப் போடாதீர்கள். அவளுக்கும் ஐந்தாறு வருடம் என்று ஒரு கணக்கு இருக்கட்டும். மெட்ராஸ் பார்க்க ஆசை இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இதெல்லாம் வளர நாளாகும். இந்த வருடமே செய்யக்கூடியது ஒன்று கேட்கிறேன். மலையில் பணியமர்த்தும் ஒவ்வொருவரின் ஆணையிலும், டாக்டரோ நர்ஸோ மருந்தாளுநரோ, பணிக்காலம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். மூன்று வருடம் வையுங்கள். அந்தக் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அந்த இடத்தைக் காலியிடமாகக் கலந்தாய்வில் காட்டுங்கள். மாற்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தேதியில் இவர் இறங்கலாம், கீழே கேட்ட மூன்று இடங்களில் ஒன்று இவருக்கு உறுதி. "மாற்று ஆள் வந்த பின்னரே" என்ற வரியை மலை ஆணைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆள் வராமல் போனால் அந்தச் சங்கடம் மாவட்ட அலுவலகத்தின் மேசையில் இருக்கட்டும். இத்தனை நாள் அது பிரசவ அறையில் நின்றவள் தலையில் இருந்தது. இப்படி விட்டால் மலை காலியாகிவிடும் என்று உங்கள் அலுவலர்கள் பயப்படுவார்கள். இறங்கும் வழி திறந்திருந்தால் ஏற ஆளிருக்கும் என்பது என் அனுபவம். தவிர, மூன்று வருடம் முடிந்த பிறகு இன்னும் ஒரு வருடம் இருக்கட்டுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நானே கேட்டிருப்பேன், கேட்கும் உரிமை எனக்கு இருந்திருந்தால்.

புதிதாக வருபவரும் பழையவரும் ஒரு மாதமாவது சேர்ந்து இருக்கட்டும். ஒரே பணியிடத்துக்கு ஒரு மாதம் இரட்டைச் சம்பளம் என்று தணிக்கையில் கேட்பார்கள், நீங்கள்தான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் இறங்கிய நாளில் பொறுப்பை ஒப்படைக்க ஆளில்லை. சாவிக் கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தேன்: எந்த ஊருக்கு எந்த மாதம் ஜீப் போகாது, எந்த வீட்டில் வலிப்பு வந்த பெண் இரண்டாவது உண்டாகியிருக்கிறாள், மின்சாரம் போனால் ஆக்ஸிடோசினை மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைக்கலாம், வாட்ச்மேனுக்கு முழங்கால் வலி, பாறைக்கு வேறு ஆளை அனுப்பவும். அதை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். அடுத்த நர்ஸ் வந்தது ஏழு மாதம் கழித்து. அக்காதான் போனில் சொன்னாள். நோட்டு கிடைத்ததா என்று கேட்டேன். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் எடுத்துப் பழைய பேப்பரோடு கட்டிவிட்டார்களாம்.

அந்த நோட்டில் இருந்ததில் எனக்கு நினைவிருப்பதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டுப் பக்கம் வந்திருக்கிறது. அடுத்த மாறுதல் கலந்தாய்வில் எங்கள் நிலையத்தின் பெயருக்கு நேரே யாராவது தேதியோடு ஆணை வாங்கினால், அவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முதல் பஸ்ஸுக்கே ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்